ரயில்பஸ் கிட்டுக்கு மோட்டார் வைத்து ஓட விடுவது எப்படி?

கண்ணாடி அலமாரியில் நிற்கும் ரயில் மாடலைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "மாமா, இது ஓடுமா?" என்பதுதான். அக்கா மகன் அப்படிக் கேட்டபோது என்னிடம் இருந்தது வெறும் கூடு. இரண்டு மாதம் உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, சிவப்பும் கிரீமும் அடித்து, ஜன்னலுக்குக் கண்ணாடித்தாள் வைத்து முடித்த கூடு. சரி, ஓட வைப்போம் என்று அதற்குள் மோட்டாரை நுழைக்கப் பார்த்தேன். தரைத்தட்டு குறுக்கே நின்றது. சக்கரம் பிளாஸ்டிக் என்பதால் கரன்ட் எடுக்காது. அச்சுக்கு மேலே பல்சக்கரம் வைக்க இடமே இல்லை. ஒட்டிய கூட்டைப் பிளேடால் பிளந்ததில் ஒரு பக்கச் சுவரே உடைந்து கையோடு வந்துவிட்டது.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கூட்டைக் கடைசியில் கட்டுங்கள். முதலில் அடிச்சட்டம் மட்டும் மொட்டையாகத் தண்டவாளத்தில் எறும்பு ஊர்கிற வேகத்தில் போய்த் திரும்பி வரட்டும். அது நடந்த பிறகு பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம். கீழே சொல்லும் வரிசை முழுக்க அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

எந்த வண்டியில் தொடங்குவது

முதல் வண்டிக்கு நான்கு சக்கர ரயில்பஸ்தான், அதாவது தண்டவாளத்தில் ஓடும் பஸ் போன்ற ஒற்றைப் பெட்டிதான் தோது. ஆறு அச்சு டீசல் இன்ஜின் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு போகி (அடியில் திரும்பும் சக்கரத் தொகுதி), இரண்டிலும் பல்சக்கரம், வளைவில் திரும்ப இடம் என்று எல்லாச் சிக்கலும் ஒரே நாளில் வந்து நிற்கும். ரயில்பஸ்ஸுக்கு இரண்டே அச்சு. அதில் ஒன்றை மட்டும் சுற்ற வைத்தால் போதும். நம் ஊர்க்காரர்களுக்கு ரயில்பஸ் அந்நியமும் இல்லை. ஜோலார்பேட்டை தாண்டி பெங்களூரு போகிற வழியில் பங்காருப்பேட்டையிலிருந்து கோலாருக்கு ரயில்பஸ் ஓடியது. ஷிமோகா - தாளகுப்பா பாதையிலும் மதுரா - பிருந்தாவன் பாதையிலும் ஓடியிருக்கிறது.

கிட் என்று பார்த்தால், இங்கிலாந்தின் டாபோல் நிறுவனம் விற்கும் ரயில்பஸ் எளிது. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பழைய வார்ப்பிலிருந்து வருவது. பார்க் ராயல் என்ற கம்பெனி 1958-ல் பிரிட்டிஷ் ரயில்வேக்குக் கட்டிய வண்டியின் மாடல். ஓஓ அளவு, அதாவது 76-ல் ஒரு பங்கு. ஹெச்ஓ என்பது 87-ல் ஒரு பங்கு. இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான். நம் அகலப் பாதை 1676 மி.மீ. என்பதால் நியாயப்படி ஹெச்ஓவில் 19 மி.மீ.க்கு மேலும், ஓஓவில் 22 மி.மீ.யும் வர வேண்டும். அந்த வித்தியாசத்தை மனதுக்குள் ஒதுக்கிவிட்டு 16.5-லேயே ஓட்டுவதுதான் தொடக்கத்தில் நல்லது. வேறு கிட் கிடைத்தாலும் முறை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

மோட்டாருக்கு முன்னால் ஒரு கணக்கு

கடைக்குப் போய் "சின்ன மோட்டார் ஒன்று குடுங்க" என்று வாங்கிவிட்டால் வண்டி ஓடாது, பறக்கும். காகிதத்தில் ஐந்து நிமிடம் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

ரயில்பஸ் மணிக்கு 50 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு சுமார் 13.9 மீட்டர். 76-ஆல் வகுத்தால் மாடல் நொடிக்கு சுமார் 183 மி.மீ. போக வேண்டும். ஓஓ பெட்டிகளுக்கு வரும் உலோகச் சக்கரத்தின் விட்டம் 14 மி.மீ. அது ஒரு சுற்றில் 44 மி.மீ. கடக்கும். அப்படியானால் நொடிக்கு நாலேகால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு, நிமிடத்துக்கு 250 சுற்று. அச்சில் 20 பல் உள்ள சக்கரமும் அதன் மேல் ஒற்றைப் புரி வார்மும் (திருகு போன்ற உருளை) வைத்தால், மோட்டார் 20 முறை சுற்றும்போது அச்சு ஒரு முறை சுற்றும். 250-ஐ 20-ஆல் பெருக்கினால் 5,000. 12 வோல்ட்டில் 10,000 சுற்று என்று போட்ட மோட்டார் கிடைத்தால், கன்ட்ரோலரைப் பாதி திருப்பும்போது அந்த 50 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். மீதிப் பாதி நமக்குத் தேவையே இல்லை.

வார்ம் என்பது திருகு போலப் புரி வெட்டிய பித்தளை உருளை. மோட்டார் தண்டில் மாட்டுவது. வாங்கும்போது வார்மும் பல்சக்கரமும் ஒரே மாட்யூலா, அதாவது பல்லின் அளவு ஒன்றுதானா என்று கேளுங்கள். 0.5 மாட்யூல் சுலபமாகக் கிடைக்கிறது. 0.5-ல் 20 பல் என்றால் வெளிவிட்டம் 11 மி.மீ. இதைக் கவனித்துத்தான் 14 மி.மீ. சக்கரம் சொன்னேன். அச்சு தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து 7 மி.மீ. உயரத்தில் இருக்கும், பல்சக்கரம் அச்சிலிருந்து ஐந்தரை மி.மீ. கீழே இறங்கும், மிச்சம் ஒன்றரை மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளி இல்லாவிட்டால் நேர்ப் பாதையில் ஒன்றும் தெரியாது. பாயின்ட்டில் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) தண்டவாளம் நடுவே குறுக்கிடும் இடத்தில்தான் பல் தட்டி வண்டி எகிறும். 30 பல் இருந்தால் இன்னும் மெதுவாகப் போகுமே என்று தோன்றும். ஆனால் அதன் விட்டம் 16 மி.மீ., சக்கரத்தை விடவே பெரிது.

மோட்டார் 12 மி.மீ. தடிமனுள்ள தட்டை டப்பா வகையாக இருக்கட்டும். பழைய டிவிடி பிளேயரில் பிடுங்கியதைப் போடலாமா என்றால், பெரும்பாலும் அவை 6 வோல்ட் மோட்டார்கள். 12 வோல்ட் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் கருகும். வாங்கும் முன் தண்டின் தடிமனும் வார்மின் துளையும் பொருந்துகிறதா என்று வெர்னியரில் அளந்துவிடுங்கள்.

அடிச்சட்டம்

கிட்டில் வரும் தரைத்தட்டை ஒரு தாளில் வைத்து அதன் வரைகோட்டையும் இரண்டு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரைகோட்டுக்கு உள்ளே அடங்குமாறு செம்பு பூசிய பிசிபி பலகையை வெட்ட வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 1.6 மி.மீ. தடிமனில் கிடைக்கும். பிளாஸ்டிக் தகட்டை விட இதை நான் விரும்புவதற்குக் காரணம், இதன் மேல் நேராக ஈயம் வைக்கலாம், வயர் தொங்காது.

செம்புப் பரப்பின் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு கீறிச் செம்பை உரித்துவிடுங்கள். இடது பாதி இடது தண்டவாளத்துக்கு, வலது பாதி வலதுக்கு. சக்கரமும் பல்சக்கரமும் வருகிற இடங்களில் பலகையைத் துளைத்து அரத்தால் ராவுங்கள். அச்சைத் தாங்க இரண்டு பக்கமும் எல் வடிவப் பித்தளைத் தகடு, அதில் 2 மி.மீ. துளை. இந்தத் தகடு நிற்கும் இடத்துச் செம்பைச் சுற்றிலும் கீறித் தனித் தீவாக்க மறக்காதீர்கள். உலோக அச்சு இரண்டு தகடுகளையும் தொடுகிறது. தீவாக்காவிட்டால் இடது பாதியும் வலது பாதியும் அச்சு வழியாகச் சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து இரு பாதியையும் தொட்டுப் பாருங்கள். சத்தம் வரவே கூடாது.

பின் அச்சுதான் மோட்டாரோடு சேர்வது. அதை அசையாமல் பொருத்துங்கள். முன் அச்சை அப்படிப் பொருத்தாதீர்கள். நாற்காலி மேடு பள்ளத்தில் ஆடும், முக்காலி எங்கே வைத்தாலும் ஆடாது. அதே தத்துவம்தான் இங்கும். முன் அச்சின் இரண்டு தகடுகளையும் ஒரு சிறிய தனிப் பலகையில் வைத்து, அந்தப் பலகையை நடுவில் ஒரே ஒரு திருகில் தொங்கவிட்டால் அது இடதும் வலதுமாக லேசாகச் சாயும். பின் அச்சில் இரண்டு புள்ளி, முன்னால் ஒரு புள்ளி, ஆக மூன்று. இப்போது தண்டவாளம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் நான்கு சக்கரமும் தரையிலேயே இருக்கும். நான்கு சக்கர வண்டியில் ஒரு சக்கரம் தூக்கினாலும் கரன்ட் விட்டு விட்டு வரும் என்பதால் இந்தச் சின்ன வேலைக்குப் பெரிய பலன் உண்டு.

சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே 14.4 முதல் 14.5 மி.மீ. வரை இருக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் பாயின்ட்டில் இறங்கிவிடும்.

இனி வார்மைப் பல்லோடு சேர்ப்பது. அழுத்திச் சேர்த்தால் இறுகி மோட்டார் முனகும். தள்ளி வைத்தால் பல் நழுவிப் பல்லின் நுனி தேய்ந்து போகும். நான் செய்வது இப்படி: தினசரித் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து வார்முக்கும் பல்லுக்கும் நடுவே கொடுப்பேன். மோட்டாரை மெல்ல அழுத்தித் தாள் நகராத இடத்தில் நிறுத்துவேன். மோட்டாருக்கு அடியில் எவ்வளவு பிளாஸ்டிக் தகடு கொடுத்தால் அந்த உயரம் நிற்கிறது என்று பார்த்து வெட்டி வைப்பேன். சில மோட்டாருக்குப் பலகையையே வெட்டி இறக்க வேண்டியிருக்கும். பிறகு இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, தண்டைக் கையால் சுற்றித் தாளை வெளியே வரவைப்பேன். வருகிற தாளில் பல் பதிந்த தடம் வரிசையாக, ஒரே ஆழத்தில் இருந்தால் சரி. ஒரு ஓரத்தில் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தால் மோட்டார் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிழிந்தே வந்தால் ரொம்ப இறுக்கம். இரண்டு மூன்று தாள் வீணாகலாம், பரவாயில்லை. இந்த இடத்தில் செலவழிக்கும் அரை மணி நேரம்தான் வண்டியின் ஆயுள்.

பல்சக்கரம் அச்சில் சறுக்கினால் ஃபெவிக்விக்கை ஊசி முனையில் எடுத்து அச்சில் தொட்டு, பிறகு சக்கரத்தைத் தள்ளுங்கள். பொருத்திய பிறகு மேலே ஊற்றினால் அது அச்சு வழியே வழிந்து துளைக்குள் இறங்கி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

கரன்ட் எடுப்பதும் ஈயம் வைப்பதும்

இரண்டு தண்டவாளத்திலும் வரும் 12 வோல்ட் டிசி கரன்ட், சக்கரம் வழியாக ஏறி மோட்டாருக்குப் போக வேண்டும். நான்கு சக்கரத்தின் முதுகிலும் மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் (வெண்கல வகை) கம்பி லேசாக உரசிக்கொண்டு நிற்கட்டும். பழைய ரிலேக்குள் இருக்கும் ஸ்பிரிங் தகடும் இதற்கு நன்றாக உதவும். நான்கிலிருந்தும் எடுங்கள். இரண்டு போதும் என்று விட்டால் பாயின்ட்டில் வண்டி நின்று நின்று போகும். கம்பி சக்கரத்தைத் தொட வேண்டும், பிரேக் போடக் கூடாது. அச்சை விரலால் சுண்டினால் இரண்டு சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும்.

ஈயம் வைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக் கொலுசுப் பட்டறை அண்ணன். என் சோல்டரிங்கைப் பார்த்தார். ஈயம் உருண்டை உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தது. நகத்தால் தட்டினார், ஒன்று உதிர்ந்தது. "தம்பி, சூட்டை ஈயத்துக்குக் காட்டாதீங்க, தகட்டுக்குக் காட்டுங்க. தகடு சூடாச்சுன்னா ஈயம் தானா ஓடும்" என்றார். அவர் வெள்ளியில் பொடி வைத்து ஊதுகிற வேலையும் அதேதான். நெருப்பு முதலில் கண்ணியைச் சுற்றி ஓடும், பொடி கடைசியில்தான் உருகும். அன்றைக்கு அவர் சொன்னபடி அயர்ன் முனையைத் தகட்டில் வைத்து இரண்டு நொடி பொறுத்து, ஈயக் கம்பியை எதிர்ப் பக்கத்தில் தொட்டேன். ஈயம் வெள்ளி மினுக்கோடு இடுக்குக்குள் ஓடி மட்டமாகப் படிந்தது. அதுதான் சரியான இணைப்பு. உருண்டு நின்றால் அது ஒட்டவில்லை.

25 வாட் அயர்ன் போதும். ரோசின் உள்ளே இருக்கும் 60/40 ஈயக் கம்பி வாங்குங்கள். பட்டறையில் பயன்படும் வெங்காரமும், தகர வேலைக்கு வைக்கும் ஆசிடும் இதற்கு வேண்டாம். ஆசிட் நாளடைவில் கம்பியைத் தின்றுவிடும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 104 என்று எழுதிய ஒரு செராமிக் கெப்பாசிட்டர் வையுங்கள். பொறியால் வரும் இரைச்சல் அடங்கும். கன்ட்ரோலருக்கு 12 வோல்ட் அடாப்டர், ஒரு பிடபிள்யூஎம் (கரன்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து வேகத்தை மாற்றும்) ஸ்பீடு கன்ட்ரோலர், முன்னும் பின்னும் போக ஆறு கால் ஸ்விட்ச், இவ்வளவுதான். வீட்டு 230 வோல்ட் லைனை அடாப்டருக்கு வெளியே எங்கும் தொடாதீர்கள்.

ஓட்டிப் பழக்குதல்

ஒரு மீட்டர் நேர்த் தண்டவாளம் பலகையில் அடித்து வைத்துக்கொண்டால் போதும். மொட்டை அடிச்சட்டத்தை வைத்து, முன்னே அரை மணி, பின்னே அரை மணி, நடு வேகத்தில் ஓட விடுங்கள். மோட்டாரின் பிரஷ்ஷும் பல்லும் ஒன்றோடொன்று பழகும். இடையிடையே மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். தொட முடியாத சூடு என்றால் எங்கோ பிடிக்கிறது, தாள் சோதனைக்குத் திரும்புங்கள்.

அப்புறம் எடை. மாடல் ரயில்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு, அடிப்படையாக 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். ஆறரை அங்குல வண்டிக்கு மொத்தம் 119 கிராம். லாரிக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. வீல் பேலன்சிங் கடையில் கேட்டால் ஒட்டும் எடைத்துண்டுகள் கிடைக்கும். பெரும்பங்கை மோட்டார் அச்சுக்கு மேலேயே, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக ஒட்டுங்கள். செம்பைத் தொடாமல் அடியில் டேப் கொடுங்கள்.

இப்போதுதான் நிஜமான பரீட்சை. கன்ட்ரோலரைத் துளித் துளியாகத் திருப்பி, வண்டி எந்த இடத்தில் அசையத் தொடங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது ஓஓவில் நொடிக்கு 18 மி.மீ. ஒரு மீட்டரைக் கடக்க ஐம்பத்தைந்து நொடி. கையில் கடிகாரத்தோடு உட்காருங்கள். அந்த வேகத்தில் நிற்காமல், துள்ளாமல் போனால் ஜெயித்துவிட்டீர்கள். எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணில் பதிய ஒரு நாள் இரவு சூரமங்கலத்தில் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் போய் நில்லுங்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸ் கிளம்பும்போது முதல் பத்து நொடி கவனியுங்கள். நகர்கிறதா இல்லையா என்று தூணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாடல் பார்க்கிறவரை நம்ப வைப்பது அந்தப் பத்து நொடிதான். வேகமாக ஓடுவதை எந்தப் பொம்மையும் செய்யும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தயங்கினால் தண்டவாளம் அழுக்கு. தண்டவாளம் எங்கும் சுற்றுக்கு ஒரு முறை தயங்கினால் பல்லில் பிசிறு இருக்கிறது, அல்லது பல்சக்கரம் அச்சில் கோணலாக ஏறியிருக்கிறது. முன்னே நன்றாகப் போய்ப் பின்னே மட்டும் முனகினால் மோட்டார் டேப்பில் அசைகிறது.

கூடு

இந்த வேலை கிட் பெட்டியில் வரும் தாளிலேயே படம் போட்டிருக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். சட்டத்திலிருந்து ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவி, 400 நம்பர் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். ஒட்டுவதற்குத் திரவப் பிளாஸ்டிக் சிமென்ட். இது பசை இல்லை, பிளாஸ்டிக்கையே கரைத்து இணைப்பது. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியால் இணைப்பைத் தொட்டால் தானே உறிஞ்சி ஓடும். ஜன்னல் கண்ணாடித்தாளுக்கு மட்டும் ஃபெவிக்கால். ஃபெவிக்விக் போட்டால் அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்துப் போகும்.

தரைத்தட்டில் அடிச்சட்டம் வரும் அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, கூட்டின் உள்ளே நான்கு மூலையிலும் சிறு கட்டை ஒட்டி, கூட்டை இரண்டு திருகில் மாட்டுங்கள். ஒட்டிவிடாதீர்கள். மோட்டாரைப் பார்க்க என்றைக்காவது திறக்கத்தான் வேண்டும்.

சேலத்துச் சித்திரை வெயிலில் மத்தியானம் ஒட்ட உட்காராதீர்கள். சிமென்ட் பிரஷ்ஷிலிருந்து இறங்குவதற்குள் ஆவியாகிவிடும். விடியற்காலைதான் நல்ல நேரம். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு எதிர்ப் பிரச்சினை: பனிமூட்டத்தில் ஸ்பிரே அடித்தால் பெயின்ட் பால் போல வெளுக்கும். வெயில் ஏறி மூட்டம் விலகிய பிறகு அடியுங்கள்.

பிறகு பார்த்துக்கொள்ள

சேலத்தில் அம்மாபேட்டை, குகை மாதிரி தறி ஓடும் பகுதிகளில் இருந்தால் பஞ்சுத் தூசிதான் வண்டிக்கு முதல் எதிரி. என் வண்டி ஒரு முறை திடீரென்று மெதுவாகிவிட்டது. மோட்டார் போய்விட்டதென்றே நினைத்தேன். திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பின் அச்சில் சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நூல் இழை இறுக்கமாகச் சுற்றி, எண்ணெயோடு சேர்ந்து கருத்துப் போய், சின்ன வளையம் போலப் பிடித்திருந்தது. ஊசியால் ஒரு முனையைத் தூக்கிக் கிடுக்கியால் இழுத்தபோது ஒரு சாணுக்கு மேல் வந்தது. இப்போது மாதம் ஒரு முறை அச்சைப் பார்த்துவிடுகிறேன். ஓடாத நேரத்தில் தண்டவாளப் பலகையின் மேல் பழைய பருத்தி வேட்டி போடாதீர்கள், அதுவும் நூல் உதிர்க்கும். பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள்.

எண்ணெய் விஷயம்: தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையில் ஒரு சொட்டு, அச்சுத் துளைக்கு மட்டும். வார்முக்குக் கொஞ்சம் வெள்ளை கிரீஸ். சக்கர ஓரத்திலும் கம்பியிலும் எண்ணெய் படக் கூடாது. கைக்கு அருகே இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும், ஏற்காட்டில் பல மாதம் அப்படித்தான் இருக்கும். உறையாத ஊரிலும் நாளாக ஆகப் பிசுபிசுத்துப் பல்லில் அழுக்கைச் சேர்க்கும். தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அது நன்றாக உலர்ந்த பிறகு வண்டியை ஏற்றுங்கள்.